உறையும் உரிமையும்

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் பனையேறிக் கள் இறக்கும் தொழிலாளியின் இடையிலே ஒரு கூடு தொங்கும். யாழ்ப்பாணத்தார் அதனை இயனக்கூடு என்பர். பாளையை மெல்லிதாகச் சீவும் கூரிய கத்தி அதனுள்ளே கிடக்கும். ஏறும்போது அவனுடைய இரு கைகளும் மரத்துக்கே உரியன. கத்தியை அவனுக்காகக் காப்பதும், கத்தியினின்று அவனைக் காப்பதும் அக்கூடே.

இத்தகைய கத்திக்குத் தோலால் ஓர் உறை செய்யும் முறையைக் கவனிப்போம். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான தோலை நனைத்து, அலகின் வடிவம் பதியும்வரை அழுத்தி மடிக்கவேண்டும். மடிப்பின் விளிம்புகளுக்கிடையே ஒரு தோற்கீற்றை வைக்கவேண்டும். இல்லையேல் கத்தியின் வாய் தையலை அறுத்துவிடும். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலை இருபுறமும் எதிரெதிராகச் செலுத்தித் தைக்கவேண்டும். பின்னர் நிழலிலே உலர்த்தவேண்டும். கடும் வெயிலில் தோல் வெடிக்கும். இன்னொருவனுடைய இடையிற் கத்தி பாயாதிருக்கவேண்டும் என்ற கவனம் ஒவ்வொரு தையலிலும் இருக்கின்றது. இதனை அறம் என்னாது வேறென்னென்பது?

ஆனால் நம் சமுதாயம் செய்தது யாது? உறையை ஏற்றது, செய்தவனை ஒதுக்கியது. செத்த விலங்கின் தோலைத் தொடுவது தீட்டு என்று காரணமுங் கூறியது. இக்காரணம் நிற்குமா? சிவபெருமானைப் புலித்தோல் உடுத்தவன், யானைத்தோல் போர்த்தவன் என்று போற்றுகின்றோம். தவில் முழங்கச் சுவாமி வீதி வருகின்றார்; தவிலின் இரு முகங்களும் தோலே. தோல் கோயிலுக்குள் செல்லலாம், அதனைப் பதப்படுத்தியவன் வெளியே நிற்கவேண்டும் எனின், தீட்டு தோலிலே இல்லை. உழைப்பை மலிவாகப் பெறுவதற்கு இட்ட பெயரே தீட்டு.

உறை செய்தவனுக்கும் அதனைக் கட்டி மரமேறியவனுக்கும் அடைக்கப்பட்ட வாசல் ஒன்றே. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இக்கொடுமையைக் குற்றமாக்கிற்று. ஆயினும் 1966 ஒக்டோபர் 21இல் ஒடுக்கப்பட்ட மக்கள் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்படவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே போராடவேண்டியிருந்தது. சட்டம் எழுதப்பட்டதனால் மட்டும் கதவு திறந்துவிடவில்லை.

இன்று கைத்தொழிலைப் புகழ்வது நாகரிகமாகிவிட்டது. கையாற் செய்த தோற்பொருளை விரும்பி வாங்குவோர் பலர். மகிழ்ச்சியே. ஆனால் அப்புகழ்ச்சி தொழிலாளியின் பிள்ளையிடம் ‘உன் பரம்பரைத் தொழிலை விடாதே’ என்று உபதேசிக்குமானால், அது பழைய விலங்குக்குப் பூசிய புது மெருகேயாகும். விரும்பி ஏற்கவும் விரும்பி விடவும் உரிமையுள்ள இடத்திலேதான் தொழிலுக்கு மதிப்பு உண்டு. மரமேறும் தொழிலாளியின் மகள் மருத்துவம் பயிலட்டும். ஆசிரியரின் மகன் குத்தூசி பிடிக்கட்டும். இவ்விரண்டையும் ஊரார் வியப்பின்றி நோக்கும் நாளிலேதான், செய்யுந் தொழிலில் உயர்வு தாழ்வில்லை என்று வகுப்பறையிலே நாம் சொல்லும் சொல் மெய்யாகும்.