கழுவிய பின் எஞ்சுவது

நிட்டிங்கிலிருந்து வரும் பனியன் துணி நேரே சாயத்துக்குச் செல்வதில்லை. அதன் மெழுகும் எண்ணெயும் காஸ்டிக் சோடாவிலும் பெராக்சைடிலும் நீங்கவேண்டும். மருந்து மிகுந்தால் துணி நைந்துபோகும். பெராக்சைடு தங்கிவிட்டால் சாயம் சீராகப் பிடிக்காது. முதலிபாளையத்தில் வாழும் நமக்கு இஃது அன்றாடச் செய்தி. ஆயினும் இதே நியதி உயிர்த்திசுவுக்கும் பொருந்துவதை அண்மையில் ஒரு மகளின் கேள்வியே நம்மை எண்ணவைத்தது.

பக்கவாதத்தால் நினைவிழந்த தம் தந்தையைப் பற்றி அவர் வினவினார்: “மூளையையே புதுசா வளர்க்குறாங்களாமே சாமி, அப்பாவுக்கு எம்பேரு ஞாபகம் வந்துருங்களா?”

விலங்கின் உறுப்பிலிருந்து உயிரணுக்களை மட்டும் கழுவி நீக்கி, அவற்றைத் தாங்கிநின்ற புரத வலையை எஞ்சவிடும் முறை இன்று வளர்ந்துள்ளது. 2008-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் எலியின் இதயத்தை இவ்வாறு கழுவிப் புதிய அணுக்களை விதைத்தபோது அது மெல்லத் துடித்தது. நம் நாட்டிலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய, புண்ணாற்றும் பொருளுக்கு 2023-இல் அரசின் ஒப்புதல் கிடைத்தது.

மூளையோ மிக மென்மையானது. உறுதி தரும் நார்ப்புரதம் அதில் குறைவு. ஆகவே சோப்புத்தன்மையுள்ள திரவங்களும் மரபுப்பொருளைச் சிதைக்கும் நொதியும் அளவறிந்தே இடப்படுகின்றன. உலர் எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராம் டி.என்.ஏ.வுக்கு மேல் எஞ்சலாகாது என்பது ஆய்வாளர் பலர் கொள்ளும் அளவுகோல். கழுவிய திரவம் தங்கினாலோ, புதிதாக இடும் அணுக்கள் மடியும். எஞ்சிய வலையைப் பொடித்து, நொதியால் கரைத்துக் கூழாக்குவதும் உண்டு. பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து பெற்ற இத்தகைய கூழைப் பக்கவாதமுற்ற எலிகளின் மூளைக்குழியில் இட்டுச் சோதித்துள்ளனர்.

இங்கே அறவினா எழுகின்றது. வாழ்வுக்கான திருத்தந்தைக் கழகம் 2001-இல், விலங்குறுப்பை மனிதருக்குப் பொருத்துவதைக் கொள்கையளவில் ஏற்றது. எனினும் மூளையும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் ஆளின் தனித்தன்மையோடு பிரிக்கவியலாதவை என்று எல்லை வகுத்தது. அணுக்கள் நீங்கிய வலையையும் மூளை எனலாமோ? அன்று என்பதே நம் எண்ணம். அதில் ஓர் உயிரின் உணர்வோ நினைவோ இல்லை. எனவே நாம் கேட்கவேண்டியது, அவ்வலையில் விதைக்கப்படும் அணுக்கள் யாருடையவை என்பதே. நோயாளியின் தோலிலிருந்தே பெறப்பட்டவையெனில் தடையொன்றும் காண்கிலோம். கருவிலேயே அழிக்கப்பட்ட சிசுவினுடையவையெனில் ஏற்க இயலாது. வலை எவ்விலங்கினது என்பதையும் நோயாளிக்கு ஒளிக்காமல் சொல்லவேண்டும். பன்றியையோ பசுவையோ தம் உடலில் ஏற்க இசையாதார் நம்மிடையே பலருண்டு.

அந்த மகளுக்கு நாம் உரைத்த மறுமொழி எளிதன்று. என்றேனும் புதிய அணுக்கள் வேர்கொண்டால் கை அசையலாம், நாவும் அசையலாம். ஆனால் பழைய அணுக்களின் பிணைப்போடு மறைந்த பெயர் புதியவற்றில் தானே தோன்றாது. வெளுத்த துணியில் பழைய அச்சு மீளாததைப் போல. அதை அவருக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டியிருக்கும். அதற்கு ஆய்வுக்கூடம் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெயரை மறந்தவர் இன்றும் குறைவற்ற மனிதரே, அவருடைய தந்தையே.

இப்போது ஷிப்டு முடிந்து வந்ததும், அவர் தந்தையின் கையைப் பற்றித் தம் பெயரைச் சொல்கின்றார்.