தொலைவில் இருப்பவரும் மாணவரே

மாணவர் கண்முன் அமர்ந்திருக்கையில் ஆசிரியர் தம் கடமையில் கருத்தூன்றுவது இயல்பு. கேட்பவரின் முகமும் கல்லூரியின் மேற்பார்வையும் அவரைத் தாங்கி நிற்கின்றன. முகமறியாத ஒருவர் தொலைவிலிருந்து எழுதி அனுப்பிய தாளை, கேட்பார் எவருமில்லாத தனிமையில், அதே கருத்தோடு படித்துத் திருத்துகிறாரா என்பதில்தான் அவருடைய அறம் விளங்கும். தொலைநிலைக் கல்வியைப் பற்றி நம் கல்லூரி ஆசிரியர்கள் கொண்டுள்ள மனப்பாங்கை எடைபோட இதனினும் நேரிய அளவுகோல் இல்லை.

கர்நாடகத்தில் இக்கல்வி அரை நூற்றாண்டைக் கடந்தது. 1969-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியே 1996-இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் பெங்களூருவில் மண்டல மையம் உண்டு. அதன் கற்றல் மையங்களில் பயிற்சி வகுப்பு எடுப்போரும் ஒப்படைப்புகளைத் திருத்துவோரும் பெரும்பாலும் நகரக் கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்களே. ஆகவே இருவகை மாணவருக்கும் ஆசிரியர் ஒருவரே. வேறுபடுவது அவர் காட்டும் அக்கறை மட்டுமே.

அந்த ஒப்படைப்பைச் சற்று நோக்குவோம். பெங்களூருவின் பீன்யாவில் தொழிற்கூடத்தில் பகல் முழுதும் உழைத்த இளைஞரும், ஆயத்த ஆடை ஆலையிலிருந்து திரும்பி வீட்டாருக்குச் சோறாக்கிய பெண்ணும், இரவில் விழித்திருந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதுவது அது. தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளில் இறுதி மதிப்பெண்ணில் 30 விழுக்காடு அதற்கு உரியது. மதிப்பெண்ணினும் பெரிது, ஓரத்தில் ஆசிரியர் எழுதும் குறிப்பு. இவ்விடத்தில் காரணம் கூறப்படவில்லை, இப்பகுதியை மீண்டும் படிக்க என்னும் இரண்டு வரிகளே அம்மாணவருக்கு ஆசிரியரோடு வாய்க்கும் உரையாடல். பக்கங்களை எண்ணிப் பார்த்து, செந்நிறக் குறியிட்டு, இறுதியில் ஓர் எண்ணை எழுதி அனுப்பிவிடுபவர் அந்த உரையாடலையே மறுத்துவிடுகிறார்.

‘அஞ்சல்வழியில் படித்தவர்தானே’ என்று ஆசிரியர் அறையில் உதிரும் சொல்லுக்குக் காரணமே இல்லையென்பது நடுவுநிலை ஆகாது. மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் எல்லையைக் கடந்து படிப்புகளை நடத்தியதாகக் கண்டு, 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதன் படிப்புகளுக்கு ஏற்பு இல்லையென அறிவித்தது. 2018-இல்தான் ஏற்பு மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தம் பட்டம் செல்லுமோ செல்லாதோ என்று கலங்கியவர்கள் மாணவர்களே. நிறுவனத்தின் பிழையால் துன்புற்றவரை அப்பிழையின் பெயராலேயே இகழ்வது அறமன்று.

2020-இல் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வகுப்பறையையே நம்பியிருந்த ஆசிரியர்களும் தொலைவிலிருந்து கற்பித்தனர். அவ்வாண்டுகளில் பயின்றவரின் பட்டம் செல்லாதென்று ஆகிவிடவில்லை. ஏற்பு பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையில் வழங்கும் பட்டம் நேர்முறைப் பட்டத்துக்கு நிகரென்று மானியக் குழுவும் 2022-இல் தெளிவுபடுத்தியது. ஆணை பட்டங்களை நிகராக்கலாம். கற்பித்தலை நிகராக்குவது ஆசிரியரின் கையில் உள்ளது.

சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நல்லாசிரியருக்கு நிறைகோலை ஒப்புமை கூறுகிறது. வகுப்பறை மாணவரை ஒரு தட்டிலும் தொலைநிலை மாணவரை மறுதட்டிலும் வைத்தாலும் அக்கோல் சாயலாகாது. சாயப் பழகிய உள்ளம் ஓரிடத்தோடு நிற்பதில்லை. தொலைவிலுள்ளவரிடம் காட்டிய அசட்டை நாளடைவில் கடைசி இருக்கை மாணவரிடமும், பின்னர் ஆங்கிலத்தில் தடுமாறுபவரிடமும் தொடரும். பணிநிறைவின்போது, எளிதில் கற்கும் சிலருக்கு மட்டுமே தாம் ஆசிரியராய் இருந்ததை அவர் உணர்வார். ஒவ்வொரு தாளையும் பொறுமையோடு முழுதும் படித்தவருக்கோ, தாம் காணாத ஊர்களிலும் மாணவர் இருப்பர். நாற்பது அகவையில் பட்டம் பெற்ற தாய் தன் மகளின் பாடத்தைத் தானே சரிபார்க்கும் வீடுகளிலும் அவருடைய உழைப்பு பயன்தரும். கற்க வந்தவர் எங்கிருந்து எழுதுகிறார் என்று நோக்காமல், எவ்வளவு முயன்று எழுதியிருக்கிறார் என்று நோக்குதல், ஆசிரியப் பணியை ஏற்றார் அனைவர்க்கும் உரிய நெறி.