பழைய பாஸ்வேர்ட்

எங்கள் வீட்டு ரௌட்டர் ஒரே நாளில் சாகவில்லை. இரண்டு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்தது. முதலில் சாயங்காலங்களில் மட்டும் மயங்கி விழும். அணைத்துப் போட்டால் எழுந்துகொள்ளும். அப்புறம் வீடியோ காலில் யாராவது முக்கியமாக ஒன்று சொல்ல வாயெடுக்கும்போது விழ ஆரம்பித்தது. அடாப்டர்தான் பிரச்சினை என்று முடிவு செய்து புது 12 வோல்ட் அடாப்டர் வாங்கி மாட்டினேன். பத்து நாள் பிழைத்தது. கையை வைத்துப் பார்த்தால் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். "இன்ஜினியர் வீட்டுலதான் இந்தக் கூத்து" என்றாள் மனைவி. புதிது வாங்கினேன்.

புது ரௌட்டர் முதலில் கேட்பது இரண்டு விஷயம், பெயரும் பாஸ்வேர்டும். இங்கே எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சின்னத் தந்திரம் ஒன்று உண்டு. பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே கொடுத்துவிட்டால், டிவி, போன், லேப்டாப் எல்லாம் பெட்டி மாறியதே தெரியாமல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் போய் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் என் விரல் அங்கே நின்றது.

2020 ஊரடங்கில் கீழ்வீட்டு அக்காவிடம் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன். அவர் மகளுக்கு அப்போது எட்டாம் வகுப்பு, ஆன்லைன் கிளாஸ். இப்போது அவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். கிளாஸ் முடிந்தது, ஊரடங்கு முடிந்தது, இணைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் திரும்பக் கேட்கவில்லை, அவர்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இடையில் எங்கள் பிரிண்டரையும் அவள் தன் லேப்டாப்பில் சேர்த்துக்கொண்டாள். ஹால் டிக்கெட், ரெக்கார்டு நோட் என்று வருவாள், எடுத்துக்கொண்டு போவாள்.

இப்போது எனக்கு ஒரு வசதியான வாய்ப்பு வந்திருந்தது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, "புது மெஷினுக்கா, அதுவே மாத்திடுச்சு" என்று சொல்லிவிடலாம். யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது. ஐந்து வருடமாக நான் கொடுத்துக்கொண்டிருந்தேனா, நிறுத்தாமல் விட்டிருந்தேனா என்பது எனக்கே அதுவரை தெளிவில்லை. அந்த நிமிடம் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. பழையதையே தட்டினேன்.

பத்து நிமிடம் என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் இருந்தது. பிறகு ஆப்பைத் திறந்து, யாரெல்லாம் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். பதினான்கு கருவிகள். எங்களுடையது ஒன்பது. கீழ்வீட்டுக்கு மூன்று என்றாலும் மீதி இரண்டு யாருடையது? கொடுத்தவன் செய்யும் முதல் காரியம் எண்ணிப் பார்ப்பதுதான் போல. (அதில் ஒன்று அலமாரியில் கிடந்த என் பழைய டேப்லெட் என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. அதற்குள் மனதில் மூன்று பேரைச் சந்தேகப்பட்டிருந்தேன்.)

திருக்குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே வரும் ஊருணி உவமையைப் பள்ளியில் எல்லாரும் படித்திருப்போம். ஊர் நடுவே நீர் நிறைந்த குளம், வேண்டியவர் வந்து மொண்டு போகலாம். அழகான உவமைதான். ஆனால் யார் எத்தனை குடம் எடுத்தார்கள் என்று அந்தக் குளத்துக்குத் தெரியாது. என் ரௌட்டருக்குத் தெரியும். எந்தக் கருவி எத்தனை மணிக்கு விழித்தது, எவ்வளவு இழுத்தது என்பதெல்லாம் ஆப்பில் கலர் கலராக வரும். பார்க்கும் பக்கங்களின் உள்ளடக்கத்தை என்க்ரிப்ஷன் மறைத்துவிடும். ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதை, முகவரி விசாரிக்கும் டிஎன்எஸ் கேள்விகளை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கீழ்வீட்டுப் பெண் ராத்திரி ஒன்றரை மணிக்கும் விழித்திருக்கிறாள் என்பது அவள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். இதை நான் கேட்டு வாங்கவில்லை, கொடுத்ததோடு சேர்ந்து வந்துவிட்டது.

(நிஜ ஊருணிகளும் அப்படியொன்றும் கள்ளமற்றவை இல்லை. யார் இறங்கலாம் என்று ஊர் ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஒரு குளத்துத் தண்ணீரைத் தொட 1927-இல் மகாட்டில் அம்பேத்கர் ஊர்வலம் போக வேண்டியிருந்தது.)

இதற்கிடையில் பிரிண்டர் காணாமல் போயிருந்தது. பழைய ரௌட்டர் 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது, புதிது 192.168.1 என்று கொடுத்தது. இவை 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 வீட்டுக்குள் புழங்கவென்று ஒதுக்கிய எண்கள். உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள்தான். வெளியிலிருந்து அந்த எண்ணை வைத்து யாரும் தேடி வர முடியாது, எல்லா ஊரிலும் ஒரு மேலத்தெரு இருப்பதுபோல. பிரிண்டர் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று நான் என்றைக்கோ அதற்கு நிரந்தர எண் ஒன்றைப் பழைய தெருவில் போட்டுக் கொடுத்திருந்தேன். தெருப் பெயர் மாறியது தெரியாமல் அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. சோம்பலில் நான்கு நாள் விட்டுவிட்டேன். சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்து, புது ரௌட்டரையே பழைய எண் வரிசைக்கு மாற்றினேன்.

பிரிண்டர் விழித்தது. வழக்கம்போல முக்கி முனகித் தலையைச் சுத்தம் செய்துகொண்டது. பிறகு நான் எதுவுமே அனுப்பாமல் அச்சடிக்க ஆரம்பித்தது.

அவள் லேப்டாப்பில் நான்கு நாளாக வரிசையில் காத்திருந்தவை அவை. வராதபோது நாம் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள், மூன்று முறை அழுத்தியிருக்கிறாள். இரண்டு பக்க மனு, மூன்று பிரதி, ஆறு தாள். எழுத்து மேலே தெரியும்படிதான் என் பிரிண்டர் தாளைத் துப்பும். பெறுநர், வட்டாட்சியர் அவர்கள். பொருள்: கணவனால் கைவிடப்பட்டோர் சான்று வேண்டி.

அக்காவின் கணவர் துபாயில் இருக்கிறார் என்றுதான் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து கேள்வி. "அடுத்த வருஷம் வந்துடுவார் தம்பி" என்பார். மனுவில் வேறு ஒரு வருடம் இருந்தது.

முதல் பிரதியை என் கண் படித்தது என்று சொல்லலாம். இரண்டாவதை நான்தான் படித்தேன்.

(இதை எழுதுவதே இன்னொரு பிரிண்ட் போடுவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஊரை, சான்றிதழை, உறவுகளை மாற்றியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை என்பதும் தெரிகிறது.)

மென்பொருள்காரர்களுக்கு பிரிண்டர் என்றால் ஒரு தொன்மக்கதை உண்டு. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பல மாடிகளுக்கு ஒரு பிரிண்டர். தாள் சிக்கினால் காத்திருக்கும் எல்லாருக்கும் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரல் எழுதி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் பிரிண்டர் ஒன்றைத் தந்தது, ஆனால் அதன் மூலநிரலைத் தரவில்லை. கார்னகி மெலனில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன், முடியாது என்றார் அவர். அந்த ஏமாற்றத்துக்கும் 1983-இல் க்னூ திட்டம் அறிவிக்கப்பட்டதற்கும் தொடர்பு சொல்வார்கள். பகிராமல் இருப்பதே தவறு என்று கற்பிக்கும் கதையாக நான் இருபது வயதில் இதைப் படித்தேன். அந்த ஆறு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மனிதர்மேல் முதல்முறையாக ஒரு அக்கறை வந்தது. அவருடைய வாக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. நான் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. கொடுக்காமலே கட்டுப்பட்டிருந்தேன்.

உறையில் போட்டுக் கீழே கொடுத்துவிடலாம் என்றேன் மனைவியிடம். பார்த்துவிட்டு பார்க்காத மாதிரி இருப்பது பொய்தானே.

"அவங்களுக்குச் சொல்லணும்னா சொல்லியிருப்பாங்க. தெரியாத மாதிரியே இருங்க."

"அது நேர்மை இல்லையே."

"உங்க நேர்மைக்கு அவங்க ஏன் செலவு பண்ணணும்?"

அடுத்த வீட்டில் கைக்குழந்தை தூங்கும் நேரம் என்பதால் இதை மிக மெதுவாகத்தான் சொன்னாள். நண்பனைத் தேடிக் கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் கட்டுரை எழுதிய கான்ட்கூட, சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்றாரே ஒழிய, எல்லா உண்மையையும் சொல்லியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் நான் செய்யப்போவது வெறும் மௌனம் இல்லை. முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். கான்ட் இதற்குச் சம்மதித்திருப்பாரா? சந்தேகம்தான். என் கணக்கில் மனைவி சொன்னதே சரி. தெரிந்துவிட்டது என்று அறிவிப்பதால் என் மனம் லேசாகும். அந்தப் பாரம் படிக்கட்டில் இறங்கி கீழ்வீட்டுக்குப் போகும்.

ஞாயிறு காலை படிக்கட்டில் அக்காவைப் பார்த்தேன். "ரௌட்டர் மாத்தினதுல பிரிண்டர் நாலு நாளா வேலை செய்யலக்கா. இப்பதான் சரியாச்சு. பாப்பா ஏதாவது குடுத்திருந்தா திரும்ப ஒருவாட்டி குடுக்கச் சொல்லுங்க."

அவர் கையிலிருந்த பால் பாக்கெட்டை மறு கைக்கு மாற்றினார். "சரி தம்பி, சொல்றேன்."

ஆறு தாளும் என் ஆபீஸ் பையில் இருந்தன. திங்கட்கிழமை ஆபீஸ் ஷ்ரெட்டரில் போட்டேன்.

ஞாயிறு மாலையே அவள் லேப்டாப்போடு மேலே வந்தாள். எப்போதும் கீழேயிருந்தே அனுப்பிவிட்டு வந்து எடுத்துப் போகிறவள். பிரிண்டர் பக்கத்திலேயே நின்று, தாள் முழுதாக வருவதற்குள் பிடித்து, கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நான் அடுப்படியில் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு டீ போட்டுக்கொண்டிருந்தேன்.

"பாஸ்வேர்ட் மாறலையாண்ணா?"

"இல்லம்மா, அதேதான்."

"மாத்தியிருப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க."

டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது பிரிண்டர் மேல் நான்கு ரூபாய் இருந்தது, இரண்டு இரண்டு ரூபாய் நாணயங்கள். முனைக்கடையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்தான். இத்தனை வருடத்தில் அவர்கள் காசு வைத்தது அதுதான் முதல்முறை.