யோனாவுக்கு வந்த கோபம்

2000 மார்ச்சில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகப் பருவநிலை ஆய்வாளர் டேவிட் வைனர், 'தி இன்டிபென்டன்ட்' நாளிதழிடம் ஒரு கணிப்பைச் சொன்னார். இன்னும் சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் பனிப்பொழிவு அபூர்வமாகிவிடும், பிள்ளைகளுக்குப் பனி என்றால் என்னவென்றே தெரியாது என்றார். 2010 டிசம்பரோ நூறாண்டுகளில் பிரிட்டன் கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பர். ஹீத்ரோ விமான நிலையமே பனியில் முடங்கியது. கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

(எப்போதாவது பெரும்பனி வரும், அப்போது நாடு தடுமாறும் என்றும் அதே செய்தியில் வைனர் சொல்லியிருந்தார். அதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.)

சொன்னது பலிக்காவிட்டால் சொன்னவரை என்ன செய்வது? பைபிளின் உபாகமம் கறாரானது: தீர்க்கதரிசி சொன்னது நடக்கவில்லையா, அது கர்த்தரின் வார்த்தை இல்லை, அவனுக்குப் பயப்பட வேண்டாம். அதே பைபிளில் வரும் யோனா தீர்க்கதரிசியின் கதை இதற்கு நேர் எதிர். நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார் அவர். ஊரார் மனந்திரும்பினார்கள், ஊர் பிழைத்தது. தன் வாக்கு பொய்த்ததில் யோனாவுக்குக் கோபமான கோபம்.

பருவநிலைக் கணிப்பாளர்கள் யோனாவின் நிழலில் ஒதுங்க முடியாது. நினிவே திருந்தியது, நாம் திருந்தவில்லை. காற்றில் 2000-இல் பத்து லட்சத்துக்குச் சுமார் 370 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆக, வைனரின் பிழை அவசரத்தின் பிழைதான். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007-இல் எழுதியதும் அப்படித்தான். சரிபார்க்காத தகவல் அது. ஆனால் 2010 ஜனவரியில் குழு தவற்றை ஒப்புக்கொண்டது.

இந்த ஒப்புதல்தான் முக்கியம். 1844 அக்டோபர் 22-இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அமெரிக்க மதபோதகர் வில்லியம் மில்லரின் சீடர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. அவர்களில் ஒரு சாரார் தேதியை விடவில்லை. அன்று பரலோகத்தில் வேறொன்று நடந்ததாகப் பொருளை மாற்றிக்கொண்டார்கள். அறிவியலுக்கு அந்த வசதி இல்லை, இருக்கவும் கூடாது.

உபாகமத்தின் அளவுகோலை எடுப்பவர்கள் இரு பக்கமும் அளக்க வேண்டும். பொலிவியாவின் சக்கல்தாயா பனியாறு 2015 வாக்கில் மறையும் என்று கணித்திருந்தார்கள். அந்தத் தேதியும் தவறியது. பனியாறு 2009-லேயே காணாமல் போய்விட்டது.