முகம் கொடுத்தல்

"பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை" என்று பெற்றோர் பெருமிதத்துடன் கூறக் கேட்கிறோம். பாலும் உடையும் மருந்தும் காவலும் தவறாது அளித்தோம் என்பதே அதன் பொருள். அவ்வளவில் நம் கடன் தீர்ந்துவிடுகிறதா? இவ்வினாவை ஒரு நாடு மிகத் துயரமான முறையில் உலகின்முன் வைத்தது.

1989ஆம் ஆண்டின் இறுதியில் ருமேனியாவில் சௌசெஸ்குவின் ஆட்சி வீழ்ந்தபின், அந்நாட்டு அரசுக் காப்பகங்களின் நிலை வெளிப்பட்டது. வரிசை வரிசையாகக் கட்டில்கள். அவற்றில் பல்லாயிரம் குழந்தைகள். உணவு கிடைத்த இடங்களிலும் அவர்களைத் தூக்கிக் கொஞ்சுவார் இல்லை. அழுது பயனில்லை என்றறிந்து அழுகையையே மறந்த பிள்ளைகளைக் கண்டவர்கள் கலங்கினர். 2000ஆம் ஆண்டுக்குப்பின் புக்காரெஸ்ட் நகரில் இத்தகைய 136 குழந்தைகளை அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். இரண்டு வயதுக்குமுன் குடும்பத்தை அடைந்தவர்களிடம் பாசப்பிணைப்பு பெரிதும் மலர்ந்தது. காலம் தாழ்ந்து சென்றவர்களிடம் அம்மலர்ச்சி குறைந்தே காணப்பட்டது.

காப்பகத்தில் அவர்களுக்கு இல்லாமற்போனது எது? எட்வர்ட் டிரானிக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞரும் அவர்தம் துணைவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. தாய் தன் கைக்குழந்தையுடன் வழக்கம்போல் கொஞ்சி விளையாடுகிறாள். பின்னர், எதிரில் இருந்தவாறே, சில நிமிடங்கள் சலனமற்ற முகத்துடன் அதை நோக்குகிறாள். குழந்தை திகைக்கிறது, புன்னகைத்து அழைக்கிறது, மீண்டும் முயல்கிறது. பயனில்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்கிறது. தாய் அகன்று செல்லவில்லை, பசியில்லை, நோயில்லை. மறுமொழி ஒன்றுதான் இல்லை.

எனவே, குழந்தை நம் அன்பை வாங்கி வைத்துக்கொள்ளும் வெறும் கலமன்று. தன் பார்வையால் நம்மை வினவுகிறது. நம் முகத்தில் விடை தேடுகிறது. "குழந்தை முகம் பார்க்கிறது" என்று நம் வீடுகளில் மகிழ்ந்து சொல்கிறோம். பரிவற்றவரை "முகம் கொடுத்துப் பேசமாட்டார்" என்கிறோம். பார்க்கும் முகத்துக்கு முகம் கொடுப்பதே முதல் கடன் என்பது நம் பேச்சுவழக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இதனைப் படிக்கும் தாயின் உள்ளத்தில் அச்சம் எழலாம். வயலிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்துக் களைத்துத் திரும்புபவள், எந்நேரமும் மலர்ந்த முகத்துடன் இருத்தல் இயலுமா? இயலாது; இயலாததைக் கேட்பது அறமுமன்று. நன்கு பழகும் தாயும் சேயும்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரமே ஒத்திசைந்திருப்பதாக டிரானிக்கின் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. எஞ்சிய நேரம் பிசகும், பிசகைச் சீர்செய்தலுமாகவே கழிகிறது. முறிந்த பார்வை மீண்டும் கூடும்போதுதான், "அழைத்தால் வருவார்கள்" என்னும் நம்பிக்கை அப்பிஞ்சு நெஞ்சில் வேரூன்றுகிறது. பாசத்துக்கு இன்றியமையாதது பிழையின்மையன்று, திரும்பி வருதலே.

இக்கடன் தாய்க்கு மட்டுமே உரியதுமன்று. புக்காரெஸ்ட் குழந்தைகளை மீட்டவர்கள் அவர்களைப் பெற்றவர்கள் அல்லர். தந்தைக்கும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இதில் பங்குண்டு. தாயைக் குறைகூறும் நாவைவிட, அவள் சற்றே இளைப்பாறும்படி குழந்தையை ஏந்திக்கொள்ளும் கை மேலானது. பிள்ளைக்குக் குறை வைத்தோமா என்று கணக்குப் பார்க்கும்போது, கொடுத்த பொருள்களோடு நிறுத்தாமல், அது நம்மை நோக்கியபோது நாமும் நோக்கினோமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.