கணக்கில் வராத ஆறு

கல்லூரியில் படித்த எல்லோருக்கும் அந்தப் பேப்பரைத் தெரியும். பி.காம் ஆனாலும் சரி, பி.எஸ்ஸி கணிதமோ தமிழ் இலக்கியமோ ஆனாலும் சரி, ஏதோ ஒரு செமஸ்டரில் 'சுற்றுச்சூழல் கல்வி' என்று வந்து நிற்கும். நம் பேச்சில் ஈ.வி.எஸ். "அதெல்லாம் ஒரு பேப்பராடா? முந்தின நாள் ராத்திரி புரட்டினா போதும்" என்று சீனியர்கள் தைரியம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் பலித்தும் இருக்கும். ஓசோன் படலம், உணவுச் சங்கிலி, நீடித்த வளர்ச்சியின் வரையறை, படம் வரைந்து பாகம் குறித்தல். பாஸ். அடுத்த வாரம் எல்லாம் மறந்துபோயிற்று.

அது சாதாரணமாக வந்து சேர்ந்த பேப்பர் இல்லை. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி தொடங்கிக் கல்லூரி வரை சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்றது. 2003இல் மறுபடி அழுத்திச் சொன்ன பிறகுதான் யுஜிசி வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டம் எல்லா இளநிலைப் படிப்புகளுக்குள்ளும் வந்தது. அப்போது எட்டு அலகுகள், 50 வகுப்புகள். எட்டாவது அலகு களப்பணி. அதற்கு 5 வகுப்புகள்தான், ஆனால் 100க்கு 25 மதிப்பெண். பக்கத்து ஆற்றையோ குளத்தையோ மாசுபட்ட ஒரு இடத்தையோ நேரில் பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும் என்றது அது. அது பல இடங்களில் எப்படி நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். போன வருஷத்து அண்ணனிடம் ரெக்கார்டு நோட்டை வாங்கி, அட்டையை மாற்றி, காப்பி அடித்துக் கொடுத்துவிடுவது.

இதை வைத்து மாணவர்களைத் திட்டுவது சுலபம். என் கேள்வி வேறு. அந்த உத்தரவுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: தெரிந்துகொண்டால் மனிதர்கள் அப்படி நடப்பார்கள் என்ற நம்பிக்கை. அது சரிதானா?

இது மிகப் பழைய கேள்வி. பிளேட்டோவின் 'மேனோ' உரையாடல் இதில்தான் தொடங்குகிறது. நல்லொழுக்கத்தைக் கற்பிக்க முடியுமா, பழக்கத்தால் வருமா, பிறவியிலேயே வருமா என்று மேனோ கேட்கிறான். சாக்ரடீஸ் நேராகப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே போகிறார். பின்னால் வந்த அரிஸ்டாட்டில் கொஞ்சம் நடைமுறைக்காரர். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், நியாயமான காரியங்களைச் செய்து செய்துதான் நியாயவான் ஆகிறான் என்பது அவர் வாதம். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஈ.வி.எஸ். பேப்பர் எங்கே நிற்கிறது? செய்து பழக வேண்டிய ஒன்றை எழுதிப் பாஸ் செய்யச் சொல்கிறது.

நொய்யலை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. பாசனத்துக்கென்று அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் ஒரு அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர். தண்ணீர் கேட்டு அணை கட்டச் சொன்ன விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின.

இதைச் செய்தது யார்? வாளியில் சாயம் கலக்கிய தொழிலாளி அதிகம் படிக்காதவராக இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சாயத்தின் மூலக்கூறை வடிவமைத்தவர் வேதியியல் படித்தவர். எந்தத் துணிக்கு எவ்வளவு உப்பு என்று அளவு சொன்னவர் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்தவர். கடன் கொடுத்த வங்கி மேலாளர், வரவு செலவைத் தணிக்கை செய்த ஆடிட்டர், அனுமதியில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, கடல் தாண்டி இருந்துகொண்டு இன்னும் பத்து காசு குறை என்று பேரம் பேசிய பிராண்டின் வணிக மேலாளர் என எல்லோரும் பட்டதாரிகள். உலகத்தின் அழிவு படிக்காதவர்கள் செய்த வேலையில்லை, பெரும்பாலும் பட்டம் பெற்றவர்கள் செய்த வேலை என்று அமெரிக்கச் சூழலியல் ஆசிரியர் டேவிட் ஓர் முப்பது வருஷத்துக்கு முன்பே வாதிட்டார். நொய்யல் கரையில் நின்றால் அதை மறுக்க முடியாது.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்திருப்பார்கள். சிக்கலே அங்கேதான். சாயக்காரரின் கணக்கில் நூல் விலை உண்டு, உப்பு விலை, கூலி, கரண்ட் பில் எல்லாம் உண்டு. கீழ்க்கரையில் உப்பாகிப்போன கிணறு அதில் இல்லை. அந்தக் கிணற்றின் விலையை வேறொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். கணக்கு சரியாக இருந்தது, முழுமையாக இல்லை. அதை முழுமையாக எழுத வேண்டும் என்று அவர்கள் படித்த எந்த வகுப்பும் பழக்கப்படுத்தவில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாது என்ற நிலை வந்தால்தான் திறக்கலாம். ஆற்றின் பக்கம் நின்றவர்களுக்கு வெற்றி. அதே வாரம், வேலையில்லாமல் பஸ் ஏறியவர்களும் இருந்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், மாச வாடகை, பிள்ளைகள் ஃபீஸ். "ஆறு முக்கியமா, சோறு முக்கியமா" என்று யாராவது கேட்டால் ஈ.வி.எஸ். பாடநூலில் பதில் கிடையாது. சவ்வூடு பரவலை எதிர்த்திசையில் நடத்தித் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கி உப்பை எடுக்கும் ஆலைகளைக் கட்டி நடத்தியதும் படித்தவர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கும் மின்சாரம் ஏராளமாக வேண்டும், மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. ஆனாலும் அந்தத் திறமை இல்லாமல் ஆற்றையும் வேலையையும் சேர்த்துக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசவே முடியாது. ஆக, பல்கலைக்கழகம் வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பல்கலைக்கழகம் என்ன பழக்குகிறது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்காளரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜே.சி.குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்தவர். பிறகு அமெரிக்காவில் சைரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தார். பிரிட்டிஷ் அரசின் வரி, செலவுக் கணக்குக்கும் இந்திய வறுமைக்கும் உள்ள தொடர்பே கொலம்பியாவில் அவர் ஆய்வு. 1945இல் ஜபல்பூர் சிறையில் 'எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்' எழுதினார். நிலக்கரி, பெட்ரோலியம் போல எடுக்க எடுக்கத் தீரும் இருப்பு ஒருபுறம், ஆற்று நீர், வளரும் காடு போல அளவோடு எடுத்தால் தொடர்ந்து வரும் வரத்து மறுபுறம் என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். நீடித்த வளர்ச்சி என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பிய பிரண்ட்லாண்ட் அறிக்கை வந்தது 1987இல்.

அவர் எழுதியதைவிட, கற்பித்த விதம் இங்கே முக்கியம். அமெரிக்காவிலிருந்து திரும்பியபின் காந்தி நிறுவிய குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியர் ஆனார். மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாத்தர் தாலுகாவுக்குப் போனார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன வருகிறது, என்ன போகிறது, நிலவரி கட்டியபின் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டு எழுதினார்கள். சர்க்காரின் வருவாய்க் கணக்கில் அந்த மனிதர்கள் வரி கட்டுபவர்களாக மட்டும் இருந்தார்கள். மாணவர்கள் எழுதிய கணக்கில் பட்டினியும் கடனும் வந்தன. யுஜிசியின் அந்த எட்டாவது அலகும் இதைத்தான் கேட்டது என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் வலிக்கிறது.

இந்த இடத்தில் நியாயமான ஒரு எதிர்ப்பு வரும். "எங்கப்பா சேத்துல கிடந்து என்னைப் படிக்க வெச்சதே நான் அங்கேர்ந்து வெளியே வரணும்னுதான். இப்ப நீங்க வந்து மண்ணைக் காப்பாத்து, கிராமத்துக்குப் போன்னு சொல்றீங்களா?" குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் ஒரு பெண்ணோ பையனோ இப்படிக் கேட்டால் குமரப்பாவை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசிய கடுமையான பேச்சையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்தின் அழகு யாருக்கு, அதன் அடி யார் முதுகில் என்று கேட்டவர் அவர். கிணறு கெடுவதற்கு முன்னாலும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க அனுமதிக்கப்படாதவர்கள் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளைப் பார்த்து, எளிமையாக வாழ், ஊருக்குத் திரும்பு என்று உபதேசம் செய்ய எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தகுதி கிடையாது.

அதனால்தான் பொறுப்பை வாழ்க்கைமுறை அறிவுரையாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. துணிப்பை கொண்டுபோ, ஃபேனை அணை, மரம் நடு. இவை தப்பில்லை, ஆனால் மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு வேலை தேடும் ஒருவர் மீது உலகத்தின் பாரத்தை ஏற்றிவைக்கும் வேலையாக அது ஆகிவிடுகிறது. ஒரு பட்டதாரியிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. அவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், எந்த வேலையும் பார்க்கட்டும். தன் கையெழுத்தால் யாருக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கத் தெரிந்திருக்கட்டும். அந்தப் பயிற்சி தனிப் பேப்பரில் வராது, அவரவர் பாடத்துக்குள்தான் வரும். பி.காம் மாணவர் ஒரு பட்டறையின் கணக்கை ஆற்றையும் சேர்த்து எழுதிப் பார்க்கலாம். சிவில் மாணவர் ஒரு கட்டடத்துக்கு மணல் எங்கிருந்து வருகிறது என்று லாரியின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். தமிழ் மாணவர் ஐந்திணையைப் படிக்கிற அதே பருவத்தில் பக்கத்து ஏரியின் வாய்க்கால்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் பெயர்களைச் சேகரிக்கலாம். இதெல்லாம் பெரிய செலவில்லை. பஸ் காசும் ஒரு நோட்டும் போதும்.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மாணவர்கள் உண்மையிலேயே எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும்? அந்தப் பட்டறையின் முதலாளி கல்லூரி அறக்கட்டளையில் உறுப்பினராக இருக்கலாம். வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனியின் பெயர் ரெக்கார்டு நோட்டில் வரலாம். கல்லூரியே எத்தனை ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறது, விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது, துப்புரவுப் பணியாளருக்கு என்ன சம்பளம் என்று யாராவது கேட்கலாம். அந்த நோட்டை வாங்கித் திருத்தி மதிப்பெண் போடும் துணிச்சல் கல்லூரிக்கு இருக்க வேண்டும். காப்பி அடித்த ரெக்கார்டு எல்லோருக்கும் சௌகரியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் செய்தாலும் உத்தரவாதம் ஏதும் இல்லை. எண்ணத் தெரிந்த ஒருவர், வீட்டுக் கடன் நெருக்கும் ஒரு மாதக் கடைசியில், போடக்கூடாத இடத்தில் கையெழுத்துப் போடலாம். அப்போது அவரை உடனே தீர்ப்பிட நான் தயங்குவேன். ஆனால் அவர் கிணற்றைப் பார்த்திருக்கிறார், அதன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார், அந்த வீட்டுக்காரரின் பெயரைத் தன் நோட்டில் எழுதியிருக்கிறார். தெரியாமல் போட்டேன் என்று அவரால் சொல்ல முடியாது. நல்லவராக்க ஒரு பல்கலைக்கழகத்தால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல முடியாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுவர அதனால் முடியும். அதைக்கூடச் செய்யாமல் மூன்று வருஷம் ஃபீஸ் வாங்குவதை என்னவென்று சொல்வது?