கோடு காசுல, விரிசல் எங்கே?



1888-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையில் அடித்த மோர்கன் வெள்ளி டாலர்கள் சிலவற்றில், லிபர்ட்டி உருவத்தின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடும். சேகரிப்பவர்கள் அதற்கு வைத்த பேர் 'ஸ்கார்ஃபேஸ்', அதாவது தழும்பு முகம்.

அதைக் கீறல்னு நினைச்சிடாதீங்க. லென்ஸ் வச்சுப் பாருங்க. கீறல் பள்ளமா இருக்கும். பின்னால யார் கையிலோ பட்ட அடி அது. இந்தக் கோடு மேடா இருக்கும். எஃகு அச்சில் விரிசல் விட்டிருக்கு. அடிக்கும்போது வெள்ளி அந்த விரிசலுக்குள் ஏறிவிட்டது. அதே அச்சில் அடுத்து அடித்த காசுகளிலும் அதே இடத்தில் அதே கோடு. அடிக்க அடிக்க விரிசலும் நீளும்.

அப்போ குறை யாருடையது? காசில் உள்ள வெள்ளி மற்ற டாலர்களைப் போல 90 சதவீதம்தான்.

எங்க அப்பாவுக்குக் கோபம் அதிகம். எனக்கும் அப்படியே. "எங்க ரத்தமே அப்படி"ன்னு ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒருநாள் தம்பியைத் திட்டினேன். மறுநாள் அவன் அதே வார்த்தையால பக்கத்து வீட்டுச் சின்னப் பையனைத் திட்டினான். அப்பத்தான் உறைச்சது: அவனுக்கு நான்தான் அச்சு.

காசால தன் கோட்டை மாத்த முடியாது. நமக்கு வந்த கோட்டுக்கு நாமளும் பொறுப்பில்லை. ஆனா அதை அடுத்தவங்க மேல பதிச்சா, அதுக்கு நாமதான் பொறுப்பு.

உங்களைப் பார்த்து வளர்ற ஒருத்தரை இப்போ நினைச்சுப் பாருங்க.